லாக்கர் "பீப்" அடிக்கிறது, ஆனால் திறக்கவில்லை: டிரில்லுக்கு ஆள் கூப்பிடும் முன்

புதுச்சேரி, கடலூர் வீடுகளில் நம்பர் லாக்கர் திறக்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டிய வரிசை இது. முதலில் பேட்டரி. அடுத்து, பேட்டரி உட்காரும் இடத்தில் உப்புக்காற்று செய்து வைத்திருக்கும் வேலை. அதற்கடுத்து, உள்ளேயிருந்து கதவை முட்டிக்கொண்டிருக்கும் சாமான். அதன் பிறகு கீபேட், அதாவது நம்பர் பட்டன் பலகை. கடைசியில்தான் போர்டு, அதாவது பூட்டை இயக்கும் எலெக்ட்ரானிக் அட்டை. வீட்டில் நடப்பதோ தலைகீழ். "போர்டு போயிடுச்சு போல" என்று ஆரம்பித்து, டிரில் போடும் ஆளைத் தேடிப் பிடித்து, கதவில் ஓட்டை விழுந்த பிறகு பார்த்தால் நாலு பென்சில் பேட்டரி வெள்ளை பூத்து உட்கார்ந்திருக்கும்.

நான் சொல்வது வீடுகளில் அதிகம் இருக்கும் ரகத்தை: முன்பக்கம் நம்பர் பட்டன்கள், ஒரு திருகு குமிழ் அல்லது கைப்பிடி, கதவின் உட்புறம் நாலு ஏஏ பேட்டரி. இன்னும் கனமான பெட்டிகளில் கீபேடுக்குள்ளேயே 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டுக்கும் வீட்டுக் கரண்டோடு சம்பந்தம் கிடையாது. கரண்ட் போனாலும் திறக்கும். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் பேட்டரி தீர்ந்தால் திறக்காது.

பேட்டரி தீர்ந்தால் நம்பரும் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பூட்டுகளில் அழியாது. கரண்ட் இல்லாமலே தகவலைப் பிடித்து வைக்கும் சிப்பில்தான் நம்பர் இருக்கிறது. பேட்டரி மாற்றிய பிறகும் உங்கள் பழைய நம்பரேதான். இது தெரியாமல் கம்பெனி முதலில் போட்டுக் கொடுத்த நம்பர், பையன் பிறந்தநாள் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்து, பூட்டைத் தண்டனை நேரத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். மூன்று நான்கு முறை தப்பாகப் போட்டால் சில நிமிடம் எதையும் ஏற்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும். 5 நிமிடம் என்பது பல மாடல்களில் பொது. அந்த நேரத்தில் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் சில பூட்டுகள் கணக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்காருவதுதான் வேலை.

கடையில் எந்த பேட்டரி கேட்பது

லாரன்ஸ் ரோடானாலும் நேரு வீதியானாலும் கடையில் "பென்சில் பேட்டரி நாலு குடுங்க" என்று மட்டும் கேட்டால், சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போடும் மலிவான கார்பன் ஜிங்க் ரகம்தான் பெரும்பாலும் கைக்கு வரும். லாக்கருக்கு அது ஆகாது. "ஆல்கலைன்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாங்கியதும் உறையில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். எல்ஆர்6 என்று இருந்தால் ஆல்கலைன். வெறும் ஆர்6 என்று இருந்தால் கார்பன் ஜிங்க். 9 வோல்ட் சதுர பேட்டரியிலும் இதே கதை: 6எல்ஆர்61 ஆல்கலைன், 6எஃப்22 கார்பன் ஜிங்க். நம் ஊர்க் கடைகளில் 9 வோல்ட் என்றால் 6எஃப்22தான் சுலபமாகக் கிடைக்கிறது. உறையில் "ஹெவி டியூட்டி" என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம், அதுவும் கார்பன் ஜிங்க்தான்.

எடையிலும் வித்தியாசம் தெரியும். ஆல்கலைன் ஏஏ ஒன்று ஏறக்குறைய 23 கிராம். கார்பன் ஜிங்க் அதைவிட நன்றாகவே லேசு. உறையில் ஆல்கலைன் என்று எழுதி, கையில் எடுத்தால் தக்கை மாதிரி இருந்தால் அது போலி. சமையலறைத் தராசு இருந்தால் நாலையும் வைத்துப் பாருங்கள், 90 கிராமை ஒட்டி வர வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பூட்டு கேட்கும் கரண்ட் இரண்டு விதம். பட்டன் அமுக்கும்போது லைட் எரிய, பீப் அடிக்கச் சில மில்லி ஆம்பியர் போதும். நம்பர் சரி என்று தெரிந்ததும் உள்ளே இருக்கும் சோலனாய்டு, அதாவது இரும்பு ஊசியைக் காந்தத்தால் பின்னுக்கு இழுக்கும் சுருள், ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் கேட்கும். கார்பன் ஜிங்க் பேட்டரிக்கு உள்தடை அதிகம். அவ்வளவு கரண்ட்டை ஒரே மூச்சில் கொடுக்க முடியாமல் அதன் வோல்டேஜ் சடாரென்று சரியும். ஊசி பாதி தூரம் நகர்ந்து திரும்பிவிடும், அல்லது போர்டே ஒரு கணம் அணைந்து மறுபடி எழும். "லைட் எரியுது, பீப் அடிக்குது, அப்ப பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்ற வாதம் இங்கேதான் காலை வாரிவிடும். லைட் எரிவதற்கு அரை உயிர் போதும். பூட்டுத் திறக்க முழு உயிர் வேண்டும்.

ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், நாலு சேர்ந்து 4.8தான். ஆல்கலைன் புதிதாக 6.2 முதல் 6.4 வரை தரும். போதாக்குறைக்கு, ரீசார்ஜ் பேட்டரி சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கிக்கொண்டு வரும். வருடத்தில் நாலு முறை திறக்கும் லாக்கருக்கு இதைவிடப் பொருந்தாத பேட்டரி கிடையாது. லித்தியம் ஏஏ வகை கசியாது, நெடுநாள் நிற்கும், உண்மைதான். ஆனால் பேட்டரி தீர்வதை அது கடைசி நிமிடம் வரை காட்டிக்கொள்ளாது. எச்சரிக்கை லைட் வந்த கையோடு பூட்டு செத்துவிடும். உங்கள் மாடலின் கையேடு அனுமதித்தால் மட்டும் போடுங்கள்.

நாலையும் ஒரே நாளில், ஒரே அட்டையிலிருந்து எடுத்துப் போட வேண்டும். மூன்று புதிது ஒன்று பழையது என்று கலந்தால், பழையது முதலில் காலியாகி, மற்ற மூன்றும் அதற்குள் கரண்ட்டைத் தள்ளி, அது கசிய ஆரம்பிக்கும். பேட்டரி மூடியின் உட்புறம் ஒரு துண்டு டேப் ஒட்டி, மாற்றிய மாதம், வருடம் எழுதிவிடுங்கள். லைட் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆயுத பூஜையை அதற்கு நாள் குறித்துக்கொள்ளலாம். எப்படியும் அன்றைக்கு லாக்கரைத் துடைத்துப் பொட்டு வைக்கத்தான் போகிறோம், ஐப்பசி அடைமழைக்கும் முன்னால் வந்துவிடும். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போட வேண்டியதில்லை, கடிகாரத்தில் இன்னும் சில மாதம் ஓடும்.

என்ன சத்தம் வருகிறது?

"அண்ணே, லாக்கர் திறக்க மாட்டேங்குது" என்று போன் செய்தால், வேலை தெரிந்த ஆள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி "சத்தம் ஏதாவது வருதா?" என்பதுதான். மொத்தப் பரிசோதனையும் அதற்குள் அடக்கம். வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, காதைக் கதவோடு ஒட்டி வைத்து, நம்பரை நிதானமாக ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

லைட்டும் இல்லை, பீப்பும் இல்லை என்றால் பேட்டரி சுத்தமாகத் தீர்ந்திருக்கும், அல்லது பேட்டரி தொடும் முனையில் துரு. வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும் வழிக்கு நேரே போங்கள். கீழே சொல்கிறேன்.

பீப் வருகிறது, நம்பரை முடித்ததும் பச்சை லைட்டும் வருகிறது, ஆனால் உள்ளே "டக்" என்ற சத்தமோ மோட்டார் சுற்றும் முனகலோ இல்லை. அல்லது மிக மெல்லிய "டிக்" ஒன்று, உடனே எல்லா லைட்டும் மின்னி முதலிலிருந்து ஆரம்பிப்பது போல் ஒரு பீப். மேலே சொன்ன வோல்டேஜ் சரிவு இதுதான். இந்த நிலையில் மறுபடி மறுபடி முயற்சி செய்யாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் மிச்சத்தை உறிஞ்சும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். களைத்த பேட்டரி ஓய்வில் கொஞ்சம் தேறும். அந்தத் தெம்பில் ஒரு முறை திறந்துவிட வாய்ப்பு உண்டு. திறந்துவிட்டால் "அட, சரியாயிடுச்சே" என்று மூடிவிடாதீர்கள். அடுத்த முறை அந்தத் தெம்பு இருக்காது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு பேட்டரி வாங்க ஆள் அனுப்புங்கள்.

புதிய பேட்டரி போட்டும் "டக்" சரியாக வராவிட்டால் ஊசி துருவிலோ தூசியிலோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். நம்பரைப் போட்டு, பச்சை லைட் எரியும் அந்த மூன்று நான்கு விநாடிக்குள் கீபேடுக்குப் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, கூடவே குமிழைத் திருப்புங்கள். சுத்தியல் வேண்டாம். தட்டினால்தான் திறக்கிறது என்றால் சோலனாய்டைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும்.

"டக்" நன்றாகக் கேட்கிறது, பச்சை லைட்டும் உண்டு, குமிழ் மட்டும் அசையவில்லை. இதில் பேட்டரிக்கு வேலையே இல்லை. உள்ளே நகைப் பெட்டியும் பத்திரக் கட்டும் கதவை முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த அழுத்தத்தில் கதவின் இரும்புத் தண்டுகள் சட்டத்தில் இறுகிப் போயிருக்கின்றன. குமிழை முதலில் பூட்டும் திசையில் கொஞ்சம் திருப்பி விடுங்கள். பிறகு முழங்காலாலோ தோளாலோ கதவை உள்நோக்கி நன்றாக அழுத்திக்கொண்டே நம்பரைப் போட்டு, அழுத்தம் விடாமல் குமிழைத் திருப்புங்கள். இரண்டு பேர் இருந்தால் சுலபம். பல "ரிப்பேர்" இத்தோடு முடிந்துவிடும். தீபாவளிக்கு எடுத்த வெள்ளிச் சாமானைத் திரும்ப அடுக்கும்போது பட்டுப்புடவை ஒன்றையும் சேர்த்துத் திணித்துக் கதவைத் தள்ளி மூடினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பீப் வர வேண்டும். ஒரு பட்டனுக்கு மட்டும் வரவில்லை என்றால் அந்தப் பட்டன் செத்துவிட்டது. ஒருமுறை அமுக்கியதற்கு இரண்டு பீப் வந்தால் அது இரட்டையாகப் பதிவாகிறது. உங்கள் நம்பர் சரியாக இருந்தும் பூட்டு தப்பு என்றுதான் சொல்லும். இரண்டுக்கும் மருந்து கீபேட் மாற்றுவது. பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. பல மாடல்களில் கீபேட் தனியாகக் கிடைக்கும், ஒரு பட்டைக் கேபிளும் இரண்டு திருகும்தான். நம்பருக்குப் பிறகு # அல்லது * அமுக்க வேண்டிய மாடல் உண்டு, அமுக்கக் கூடாத மாடலும் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை திறப்பவர்கள் மறப்பது பெரும்பாலும் நம்பரை அல்ல, இந்தக் கடைசிப் பட்டனை.

கைரேகை லாக்கர் பற்றி ஒரு வார்த்தை. மருதாணி வைத்த விரல், பாத்திரம் கழுவி ஊறிய விரல், எண்ணெய் விரல் எதையும் அது சரியாகப் படிக்காது. சிமென்ட், சுண்ணாம்பில் வேலை செய்பவர்களுக்கு ரேகையே தேய்ந்திருக்கும். ஒரே விரலைக் கொஞ்சம் கொஞ்சம் கோணம் மாற்றி மூன்று முறை பதிந்து வையுங்கள். இன்னொரு கையிலிருந்தும் ஒரு விரல். நம்பரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வெளியிலிருந்து கரண்ட் கொடுப்பது

பேட்டரி கதவுக்கு உள்ளே, கதவு பூட்டியிருக்கிறது. என்ன செய்வது? தயாரித்தவர்கள் இதை யோசித்தே வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் பெட்டியில் பெரும்பாலும் நான்கில் ஒன்றாவது இருக்கும்.

பழைய மாடல்களில் நாலு ஏஏ போடும் ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி, வயரும் சின்னப் பிளக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். முன்பக்கம் ரப்பர் மூடியோ சின்னப் பிளாஸ்டிக் தகடோ எடுத்தால் அந்தப் பிளக்கைச் செருகும் துளை தெரியும். இந்தக் கறுப்புப் பெட்டி பெரும்பாலும் லாக்கருக்குள்ளேயே பத்திரமாக இருக்கும், அதுதான் வேதனை.

இரண்டாவது ரகத்தில் கீபேடின் முகத்திலோ அடியிலோ இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியை அதில் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிளஸ், மைனஸ் குறி தேய்ந்து தெரியாமல் போயிருந்தால், சத்தம் வராதபோது பேட்டரியைத் திருப்பிப் பிடியுங்கள். நம்பர் போட்டு முடித்ததும் கையை எடுத்துவிடக் கூடாது. குமிழைத் திருப்பிக் கதவு அசையும் வரை பிடித்திருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கீபேடின் புள்ளிகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

புதிய மாடல்களில் டைப்-சி அல்லது மைக்ரோ யூஎஸ்பி. பவர் பேங்க் போதும். இதில் இரண்டு சிக்கல். பூட்டு எடுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானே அணைந்துவிடும். அதன் பட்டனை அமுக்கிய உடனே நம்பரைப் போடுங்கள். இரண்டாவது, இரு முனையும் டைப்-சி உள்ள வயரில் சில பூட்டுகளுக்குக் கரண்ட்டே வராது. ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி, மறுமுனை டைப்-சி உள்ள சாதா வயரைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளிக் கரண்ட் பூட்டை எழுப்பும், அவ்வளவுதான். நம்பர் தெரியாவிட்டால் அது திறந்துவிடாது.

நான்காவது, அவசரச் சாவி. கம்பெனி பெயர் போட்ட தகட்டை நகர்த்தினாலோ குமிழின் நடு மூடியை எடுத்தாலோ துளை தெரியும். சாவியைப் போட்டுத் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு குமிழைத் திருப்ப வேண்டும். சாவியை விட்டுவிட்டால் திரும்பப் பூட்டிக்கொள்ளும் மாடல் உண்டு. வருடக்கணக்காகத் தொடாத துளை நம் கடற்கரைக் காற்றில் இறுகியிருக்கும். பலம் காட்டாதீர்கள். சாவி உள்ளே முறிந்தால் டிரில் வரைக்கும் போக வேண்டி வரலாம். பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியில் தடவி, பத்துப் பதினைந்து முறை உள்ளே விட்டு எடுத்துப் பிறகு திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டும். கொஞ்ச நாளில் பிசின் மாதிரி ஆகித் தூசியைப் பிடிக்கும். மார்கழி விடியலில் பாட்டிலில் உறைகிற அதே எண்ணெய் பூட்டுக்குள்ளும் உறையும்.

பெட்டியோடு இரண்டு சாவி வரும். இரண்டும் ஒரே வளையத்தில், லாக்கருக்குள். இப்படி வைக்காத வீட்டைப் பார்ப்பது அரிது. ஒன்று வீட்டில் வேறு இடத்தில், இன்னொன்று அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். குழாய் மாதிரி வட்டமாக இருக்கும் சாவிக்குச் சாலையோரச் சாவிக் கடையில் நகல் எடுப்பது கஷ்டம். சாவியில் பொறித்திருக்கும் எண்ணையும், பெட்டியின் பின்னாலோ கதவின் உள்ளேயோ ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரையும் இன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள். சுவரோடு போல்ட் போட்ட பிறகு பின்பக்க ஸ்டிக்கரை யாராலும் படிக்க முடியாது.

உப்புக்காற்று, கசிவு, சந்தனம்

தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கும் வீடுகளில் பேட்டரியைப் புதிதாகப் போட்டும் பலன் இல்லாமல் போவது உண்டு. பேட்டரி உட்காரும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். செம்பழுப்புத் துரு, வயர் பற்றவைத்த இடத்தில் பச்சைக் களிம்பு. கரண்ட் போக வேண்டிய வழியில் இரண்டும் தடை. லைட் எரியும், சோலனாய்டு இழுக்காது. புதிய பேட்டரி போட்டும் பழைய நோய் தொடர்ந்தால் இதுதான்.

சுத்தம் செய்யும் முன், கசிந்தது எந்த பேட்டரி என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆல்கலைனில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். அது விட்டுப் போன வெள்ளைப் படிவத்தை எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். லேசாக நுரைத்து அடங்கும். கார்பன் ஜிங்க் கசிவு அமிலத்தன்மை உள்ளது. அதற்கு எலுமிச்சை போட்டால் ஒன்றும் ஆகாது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். இரண்டிலும் பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் ஒரு துடைப்பு. கடைசியில் மெல்லிய உப்புத்தாளை ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, பேட்டரி தொடும் முனையை மட்டும் பளபளக்கும் வரை தேய்த்து, அரை மணி நேரம் காய விடுங்கள். ஸ்பிரிங் அரித்து மெலிந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. நாலு ஏஏ போடும் பிளாஸ்டிக் ஹோல்டர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். சிவப்பு வயருக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று பற்றவைத்தால் முடிந்தது.

9 வோல்ட் பூட்டில் பேட்டரியைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். தொப்பி போல் இருக்கும் கனெக்டரை விரலால் பிடித்துக்கொண்டு பேட்டரியைப் பக்கவாட்டில் நெம்புங்கள். அந்த மெல்லிய வயர் உள்ளே அறுந்துபோவது மிகச் சாதாரணம், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது.

மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வைத்து, கதவு திறந்திருக்கும்போது ஹோல்டரின் இரு கோடி முனைகளிலும் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது நாலு ஏஏ சேர்ந்து 5.6 வோல்ட்டுக்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடுவது என் வழக்கம். பிறகு மீட்டரின் குச்சிகளை எடுக்காமல் பிடித்தபடியே, இன்னொருவரை நம்பரைப் போடச் சொல்லுங்கள். "டக்" கேட்கும் நொடியில் எண் 5க்குக் கீழே குதித்தால் பேட்டரியோ முனையோ சரியில்லை. டிஜிட்டல் மீட்டர் மெதுவாகத்தான் காட்டும். உண்மையான சரிவு நீங்கள் பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கும். 9 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 8 வோல்ட் காட்டினால் அதை நம்பிக் கதவை மூட வேண்டாம்.

பூஜைக்கு வருவோம். கரைத்த சந்தனத்தைக் கீபேடின் மேல் தீற்றி, அதன் மேல் குங்குமம் வைத்தால், அந்த ஈரம் பட்டன் இடுக்கு வழியே உள்ளே இறங்கிக் காய்ந்து, பட்டனைக் கெட்டியாக்கும். விபூதிப் பொடியும் அப்படியே. பொட்டைக் கதவின் இரும்பில் வையுங்கள், லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். கீபேடைத் துடைக்க, நன்றாகப் பிழிந்த ஈரத் துணி போதும். துரு நீக்கும் ஸ்பிரேயைக் கீபேடின் மேல் அடிப்பதும் கூடாது. எண்ணெய்ப் படலம் பட்டனுக்குள் இறங்கினால் பிறகு அதை எடுக்கவே முடியாது.

பெட்டிக்குள் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் வையுங்கள். 30, 40 லிட்டர் பெட்டிக்கு 200 கிராம் போதும். நிறம் மாறும் ஆரஞ்சு ரகம் வாங்கினால் எப்போது நனைந்தது என்று தெரியும்; 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி தயார். நீல ரகத்தில் கோபால்ட் இருக்கிறது, சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகத் தேக்கும் டப்பாக்கள் அலமாரிக்குச் சரி. லாக்கருக்குள் அது கவிழ்ந்தால் உப்புத் தண்ணீர் பத்திரத்தின் மேல்தான்.

புயல், வெள்ளம்

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்த பிறகு பல ஊர்களில் நெடுநாள் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் பேட்டரி தேடி, லாக்கரில் இருப்பதைக் கழற்றிப் போடுவார்கள். பிறகு அதை மறந்து கதவை மூடிவிடுவார்கள். மழைக்காலத்துக்கு முன்பே ஆல்கலைன் ஏஏ எட்டு, 9 வோல்ட் ஒன்று வாங்கி லாக்கருக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ரெயின்போ நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளிலும், அதை ஒட்டி சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது கடலூர் ஓரங்களிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் போல்ட் போட்ட லாக்கருக்குள் அடி ஓட்டை வழியாகவே தண்ணீர் ஏறும். நனைந்த பூட்டில் நம்பரைப் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரத்தோடு கரண்ட் ஓடினால் போர்டின் செப்புக் கோடுகளை அது அரித்துவிடும். சாவியால் திறந்து, முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றுங்கள். கதவின் உள் மூடித் திருகுகளை எடுத்து, போர்டில் படிந்த சேற்றை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு கழுவி, நிழலில் ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் காய விட்டுப் பிறகு பேட்டரி போடுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு கேபிளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீ தாங்கும் பெட்டி என்றால் சுவருக்குள் இருக்கும் பூச்சு தண்ணீரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அதில் திரும்பப் பத்திரம் வைக்க முடியாது.

ஆள் கூப்பிடுவதென்றால்

இத்தனையும் பார்த்தும் திறக்கவில்லை என்றால் தயாரித்த கம்பெனியின் சேவைக்குத்தான் போக வேண்டும். அவர்கள் போன் நம்பரை கூகுளில் தேடி முதலில் வருவதற்கு அடிக்காதீர்கள். "கஸ்டமர் கேர்" என்று போட்டு உட்கார்ந்திருக்கும் போலிகள் நிறைய. வாரண்டி அட்டையிலோ கம்பெனியின் சொந்தத் தளத்திலோ இருக்கும் எண் மட்டும். வரும் முன்பே முழுப் பணத்தையும் போனில் அனுப்பச் சொன்னால், ஓடிபி கேட்டால், போனை வைத்துவிடுங்கள். உண்மையான சேவை ஆட்கள் சீரியல் நம்பர், பில், உங்கள் அடையாள அட்டை கேட்பார்கள். கேட்காமல் திறக்க வரும் ஆளைத்தான் சந்தேகப்பட வேண்டும். டிரில் போட்டே ஆக வேண்டும் என்றால் எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர், ஓட்டையை எப்படி அடைப்பார்கள், எந்த பாகம் மாற்றுவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பூட்டின் அமைப்பு தெரிந்தவர் சின்னதாக ஒரு ஓட்டையோடு முடிப்பார். தெரியாதவர் கிரைண்டரை எடுப்பார். தீப்பொறி உள்ளே பத்திரத்தின் மேல் விழும்.

பேட்டரி, கீபேட், நம்பர் என எதை மாற்றினாலும் சோதனை கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான். கதவு திறந்த நிலையிலேயே குமிழைத் திருப்பித் தண்டுகளை வெளியே தள்ளி, நம்பர் போட்டு உள்ளே இழுத்துப் பாருங்கள். மூன்று முறை தொடர்ந்து ஒழுங்காக நடந்தால்தான் மூட வேண்டும். நம்பர் மாற்றும் சிவப்புப் பட்டன் பெரும்பாலும் கதவின் உட்புறம் கீல் பக்கம் இருக்கும். அதை அமுக்கிவிட்டுப் புதிய நம்பரைப் பாதியில் விட்டுவிட்டு மூடியவர்களுக்குச் சாவிதான் கதி.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பார்க்க வேண்டியது மூன்று: பேட்டரியை வெளியிலிருந்தே மாற்ற முடிகிறதா, இல்லையென்றால் வெளிக் கரண்ட் வழி முகப்பிலேயே இருக்கிறதா, கீபேட் தனியாகக் கிடைக்குமா. தொடுதிரை, ஆப், வைஃபை எல்லாம் பேட்டரியைத் தின்னும். இந்தக் கடற்கரையில் ரப்பர் பட்டன் கீபேடே நெடுநாள் தாங்கும். வாங்கி வந்ததும் தரையிலிருந்து இரண்டரை மூன்று அடி உயரத்தில், குளியலறைச் சுவரையும் வெளிச் சுவரையும் தவிர்த்து, உறுதியான உள் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் போடாத சின்னப் பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். தூக்கிக் குலுக்கினாலே ஊசி நழுவித் திறந்துகொள்ளும் மலிவான சோலனாய்டு பூட்டுகளும் உண்டு.